பெரியப்பாவும் பஸ் படியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமா சொல்ற சால்ஜாப்பை இந்தத் தடவை சொல்லப் போறதில்லை. மூணு மாசமா ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அதை எழுதாம வேற எதையும் எழுத வரலை. மொக்கை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கணும். இது கொஞ்சம் சீரியஸ் பதிவு, கொஞ்சம் நீளமும் கூட.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திட்டக்குடி. தெரியாதவங்களுக்கு: கடலூர் மாவட்டத்தோட மேற்கு ஓரம், வெள்ளாத்தங்கரை. விருத்தாசலத்துலேர்ந்து பெண்ணாடம் வழியா வந்தா வரும். எங்க ஊர் சிவன் பேரே வைத்தியநாதசுவாமிதான். ஊருக்குள்ளயே பெரிய டாக்டர் இருக்காரு, ஆனா டயாலிசிஸுக்கு மட்டும் வெளியூர் போகணும் :-)

எங்க பெரியப்பாவுக்கு மூணு வருஷமா டயாலிசிஸ். வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விருத்தாசலத்துல பொம்மை, ஜாடி, கரண்டு பீங்கான் எல்லாம் செய்ற பட்டறைகள் இருக்கே, அதுல ஒண்ணுல இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்த மனுஷன். களிமண் மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடப்பாரு. சின்ன வயசுல நானும் என் தம்பியும் ஆளுக்கு ஒரு கையில தொங்குவோம், ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்குவாரு.

பொங்கல் முடிஞ்ச மறுநாள் டயாலிசிஸுக்கு அவர் கூட நான் போனேன். பஸ் வந்துச்சு. பெரியப்பா கம்பியைப் பிடிச்சாரு. வலது காலைத் தூக்கி முதல் படியில வச்சாரு. அவ்ளோதான். அதுக்கு மேல உடம்பு எழும்பலை. கை நடுங்குது, முட்டி நடுங்குது, பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. "சீக்கிரம் ஏறுங்க பெருசு"ன்னு கண்டக்டர் குரல். கடைசியில நான் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி விட்டேன். என்னைத் தூக்கின ஆளை நான் தூக்கினேன். அவ்வளவு லேசா இருந்தாரு.

சீட்ல உக்காந்து மூச்சு வாங்கினப்புறம் சொன்னாரு: "மிஷினு நல்லாத்தான் ஓடுது தம்பி. அதுவரைக்கும் போய்ச் சேர்றதுக்குத்தான் காலு இல்ல."

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது மொத்தமும் அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் விளக்கம்.

நம்ம நாட்டுல டயாலிசிஸ் வேலூர் சி.எம்.சி.யில 1961ல ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு அது பணக்காரங்க வியாதியாவும் ஏழைங்க சாவாவும்தான் இருந்துச்சு. இப்ப அப்படி இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் வருது. மத்திய அரசு 2016ல தேசிய டயாலிசிஸ் திட்டம் கொண்டு வந்துச்சு. எங்க பெரியப்பா மாதிரி ஒரு பட்டறைத் தொழிலாளி மூணு வருஷமா உயிரோட இருக்கார்னா அதுக்கு இதெல்லாம்தான் காரணம். அதை நான் குறை சொல்ல வரலை. கையெடுத்துக் கும்பிடறேன்.

ஆனா உயிர் இருக்கறதும் எழுந்து நடக்கறதும் ரெண்டு வேற வேற விஷயம். முதல் விஷயத்தை எல்லாரும் அளக்கறாங்க. ரெண்டாவதை யாருமே அளக்கலை.

அன்னிக்கு நாலு மணி நேரம் வெளியில உக்காந்திருந்தப்போ பெரியப்பாவோட ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். எடை, பிரஷர், யூரியா, கிரியேட்டினின், ஹீமோகுளோபின், பொட்டாசியம். மூணு வருஷக் கணக்கு, பக்கம் பக்கமா. உதவி இல்லாம நாற்காலியிலேர்ந்து எழுந்திரிக்கிறாரா, எவ்வளவு தூரம் நடக்கறாருன்னு ஒரு வரி கூட இல்லை. நம்ம தொழில்ல சொல்ற மாதிரி, மானிட்டர் ஸ்க்ரீன் முழுக்க பச்சை லைட், ஆனா சைட் டவுன்.

அதுல ஒரு வேடிக்கை கேளுங்க. அவரோட கிரியேட்டினின் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே வந்திருக்கு. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். "பாயிண்ட் குறைஞ்சுடுச்சு, குணமாகிட்டு வருது"ன்னு பெரியம்மா கோயில்ல அர்ச்சனையே பண்ணிட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் படிச்சுப் பார்த்தாத்தான் பகீர்னுச்சு. கிரியேட்டினின் வர்றதே தசையிலேர்ந்து. சிறுநீரகம் சுத்தமா நின்னு போய், டயாலிசிஸும் அதே அளவு நடந்துக்கிட்டிருக்கற ஒருத்தருக்கு மாசா மாசம் கிரியேட்டினின் இறங்குதுன்னா, தயாரிக்கற தசையே கரைஞ்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தமா இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளிகள்ல கிரியேட்டினின் ரொம்பக் குறைவா இருக்கறவங்கதான் சீக்கிரம் இறந்து போறாங்கன்னு பல ஆய்வுகள் சொல்லுது. நாங்க அர்ச்சனை பண்ணினது எதுக்குன்னு நினைச்சாலே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

எடையும் இதே கதைதான். தசை கரையுது, அந்த இடத்துல தண்ணி சேருது. தராசுல முள்ளு அதே இடத்துல நிக்கும். "வெயிட் மெயின்டெயின் ஆகுது"ன்னு நாம நினைச்சுக்கிட்டிருப்போம். ஆனா டிரை வெயிட்டுன்னு ஒண்ணு குறிச்சு வச்சிருப்பாங்க பாருங்க, உடம்புல மிச்சத் தண்ணி இல்லாதப்போ இருக்க வேண்டிய எடை, அது உண்மையில இறங்கியிருக்கும். அதை மாத்திக் குறிக்கலைன்னா தண்ணி உள்ளேயே தங்கும், பிரஷர் ஏறும், மூச்சு வாங்கும்.

சரி, தசை ஏன் கரையுது? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். டாக்டர் பதிவர்கள் தப்பு இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க.

சிறுநீரகம் வேலை செய்யலைன்னா ரத்தத்துல அமிலம் சேருது. அந்த அமிலம் தசைப் புரதத்தை உடைக்கற வேலையைத் தூண்டி விடுது. உடம்புக்குள்ள எப்பவும் லேசா ஒரு அழற்சி இருந்துக்கிட்டே இருக்கு, அதுவும் அதே வேலையைத்தான் செய்யுது. பசி எடுக்கறதில்லை. போதாக்குறைக்கு டயாலிசிஸ் மிஷின் கழிவோட சேர்த்து அமினோ அமிலங்களையும் வெளியே எடுத்துடுது, ஒரு தடவைக்கு 6 முதல் 12 கிராம் வரைக்கும். கிட்டத்தட்ட ரெண்டு மூணு முட்டை வெள்ளைக்கருவுல இருக்கற புரதம், ஒவ்வொரு தடவையும் சாக்கடைக்குப் போகுது.

அப்புறம் படுக்கை. வாரத்துக்கு 12 மணி நேரம்னா வருஷத்துக்கு 624 மணி நேரம். நாள் கணக்குல 26 முழு நாள். இது மிஷின் பக்கத்துல படுத்திருக்கற நேரம் மட்டும்தான். வீட்டுக்கு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி படுக்கறது தனி. 2007ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆரோக்கியமா இருந்த வயசானவங்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வச்சுப் பார்த்தாங்க. கால்லேர்ந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிடுச்சு. நல்லா இருக்கறவங்களுக்கே அப்படின்னா!

இதுக்கெல்லாம் மேல எங்க வீட்ல நடந்த கூத்து ஒண்ணு இருக்கு. அடுக்களைக் கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும். "முட்டை, கறி, மீன், பருப்பு குறைக்கவும்"னு. அது டயாலிசிஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, சிறுநீரகம் கொஞ்சமாவது வேலை செஞ்ச காலத்துல, ஒரு ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு. அப்ப அது சரி. புரதத்தைக் குறைச்சா சிறுநீரகத்துக்குப் பாரம் குறையும். ஆனா டயாலிசிஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கணக்கு தலைகீழ். அதுக்கப்புறம் உடம்பு எடைக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரைக்கும் புரதம் வேணும்னு மருத்துவ வழிகாட்டுதல் சொல்லுது. 60 கிலோ ஆளுக்கு தினம் 60 முதல் 72 கிராம். எங்க பெரியப்பா சாப்பிட்டது காலையில மூணு இட்லி, மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. பாதி கூடத் தேறாது. மூணு வருஷமா பழைய சீட்டைப் பார்த்தே சமையல் நடந்திருக்கு. புது சீட்டு ஒண்ணு யாரும் குடுக்கலை, நாங்களும் கேக்கலை. வெர்ஷன் மாறினதுக்கு அப்புறமும் பழைய கான்ஃபிக் ஃபைல்லயே ஓட்டிக்கிட்டிருந்திருக்கோம்.

பெரியம்மாவைக் குத்தம் சொல்ல முடியாது. அவங்க அளவுக்குப் பத்தியம் பார்க்கற ஆள் கிடையாது. தண்ணிக்கு ஒரு பீங்கான் கோப்பை வச்சிருக்காங்க, பெரியப்பா பட்டறையில செஞ்சது. அதால அளந்துதான் குடுப்பாங்க, ஒரு வாய் கூடப் போகாது. அதே பாசத்துல அவரை எந்திரிக்கவும் விட மாட்டாங்க. "நீங்க அசையாதீங்க, நான் எடுத்துத் தர்றன்." செம்பு எடுத்துக் குடுக்கறது, துண்டு எடுத்துக் குடுக்கறது, செருப்பை மாட்டி விடறது. வந்து பார்க்கற சொந்தக்காரங்க எல்லாம் "நல்லா ரெஸ்ட் எடுங்க மாமா"ன்னு ஹார்லிக்ஸ் பாட்டிலோட சொல்லிட்டுப் போவாங்க. ரெஸ்ட் எடுத்து எடுத்தே அவர் காலை நாம எல்லாரும் சேர்ந்து வாங்கிட்டோம்.

நம்ம ஊர்ல கால் போச்சுன்னா என்னென்ன போகும்னு யோசிங்க. தரையில உக்காந்து சாப்பிடறது போகும். இந்தியன் டாய்லெட்ல உக்காந்து எந்திரிக்கறது போகும். ஒரு மானமுள்ள மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு விளக்க வேண்டியதில்லை. அப்புறம் பஸ் படி போகும். பஸ் படி போனா ஆட்டோ. ஆட்டோவுக்குக் காசு இல்லைன்னா இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாம்னு தோணும். ஒரு நாள் ரெண்டு நாளாகும். இலவச டயாலிசிஸ் அங்க இருக்கும், ஆள் இங்க இருப்பாரு. அதனால கால்ல பலம்ங்கறது சொகுசு இல்லை, அதுவும் சிகிச்சையில ஒரு பகுதிதான்.

சரி, டயாலிசிஸ் நோயாளி உடற்பயிற்சி செய்யலாமா? நான் ஏதோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி நினைக்காதீங்க. 1980கள்லயே அமெரிக்காவுல டயாலிசிஸ் ஓடிக்கிட்டிருக்கும்போதே சைக்கிள் மிதிக்க வச்சுப் பார்த்திருக்காங்க. 2017ல இத்தாலியில வந்த ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அதுக்கு ஜிம் வேண்டாம், மிஷின் வேண்டாம். 296 பேர். அதுல ஒரு பாதிக்கு டயாலிசிஸ் இல்லாத நாள்ல வீட்டிலேயே நடை, பத்து பத்து நிமிஷமா ரெண்டு தடவை. டிக் டிக்னு தாளம் போடற ஒரு கருவியை வச்சு, அந்த வேகத்துக்கு நடக்கணும். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, ஆறு நிமிஷத்துல நடக்கற தூரம் 328 மீட்டர்லேர்ந்து 367 மீட்டர் ஆச்சு. நடக்காத பாதி அதே இடத்துல நின்னுச்சு. 2023ல ஜெர்மனியில 900 பேருக்கு மேல, 21 சென்டர்கள்ல, டயாலிசிஸ் நடக்கும்போதே ஒரு வருஷம் பயிற்சி குடுத்தாங்க. ஒரு நிமிஷத்துல நாற்காலியிலேர்ந்து உக்காந்து எந்திரிக்கறது 16லேர்ந்து 19 ஆச்சு. பயிற்சி இல்லாதவங்களுக்கு 16லேர்ந்து 15க்குக் கீழ இறங்கிடுச்சு. அந்த ரெண்டாவது வரியைக் கவனிங்க. சும்மா இருந்தா இருக்கற இடத்துலயே இருக்க மாட்டோம், கீழ போவோம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. இங்கிலாந்துல 2021ல வந்த பெரிய ஆய்வுல, டயாலிசிஸ் நடுவுல சைக்கிள் மிதிக்க வச்சும் வாழ்க்கைத் தரத்துல மாற்றம் ஒண்ணும் தெரியலை. ஆனா அதுல பலர் சொன்ன அளவுக்குச் செய்யவே இல்லை. எனக்கு இதுலேர்ந்து கிடைக்கற பாடம் உடற்பயிற்சி வீண்னு இல்லை. மிஷினை வாங்கி வச்சுட்டா மட்டும் பத்தாது, பக்கத்துல நின்னு "இன்னிக்கு எத்தனை?"ன்னு கேக்க ஒரு ஆள் வேணும்னுதான்.

"நர்ஸுங்களுக்கு ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லை, இதையும் அவங்க தலையில கட்டறியா?"ன்னு கேட்டா, நியாயம். கட்டக் கூடாது. அதுக்குத்தான் பிசியோதெரபிஸ்ட். நம்ம தமிழ்நாட்டுல இதுக்கு வழி ஏற்கெனவே போட்டு வச்சிருக்கு. 2021 ஆகஸ்ட் 5ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தெரியும்ல? சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் இல்லை. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்கறதும் அதுல உண்டு. வயிறு வழியா வீட்டிலேயே டயாலிசிஸ் பண்ணிக்கறவங்களுக்குப் பை குடுக்கறதும் அதே திட்டத்துல உண்டு. 2024ல ஐ.நா. விருது கூட வாங்கின திட்டம். ஆக, டயாலிசிஸும் பிசியோதெரபியும் ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கு. நாமதான் பிசியோதெரபின்னா பக்கவாதம் வந்தவங்களுக்கு, முட்டி ஆபரேஷன் பண்ணினவங்களுக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். எங்க வீட்லயும் அப்படித்தான். மூணு வருஷத்துல ஒரு தடவை கூட யாரையும் கேக்கத் தோணலை.

என் கோரிக்கை மூணே மூணுதான்:

1. டயாலிசிஸ் ஆரம்பிக்கற அன்னிக்கே பழைய பத்தியச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுச் சீட்டு குடுக்கணும். தமிழ்ல, இட்லி முட்டை கணக்குல.

2. மாசத்துக்கு ஒரு தடவை ஃபைல்ல எடைக்குப் பக்கத்துல "அஞ்சு தடவை எழுந்து உக்கார எத்தனை செகண்ட்"னு ஒரு கட்டம். ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும். கையை மார்புல கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம எந்திரிக்கணும். ஆசிய நாடுகளுக்கான 2019 அளவுகோல்படி 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா உஷாராகணும்.

3. அந்தக் கட்டத்துல எண் ஏறினா, பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு தகவல் போகணும். டயாலிசிஸ் லிஸ்ட்டையும் பிசியோ லிஸ்ட்டையும் சேர்த்து வைக்கறது ஒண்ணும் ராக்கெட் விடற வேலை இல்லைங்க.

எங்க வீட்டுக் கதையை முடிச்சுடறேன். அன்னிக்கு ராத்திரியே பெரியப்பாவை நாற்காலியில உக்கார வச்சு மொபைல்ல டைம் பார்த்தேன். 24 செகண்ட். மறுநாள் அவரோட டாக்டர்கிட்ட போய்க் கேட்டோம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பிரஷர் ரொம்ப எகிறினது, இதெல்லாம் இருந்தா கூடாது, இவருக்கு இல்லை, செய்யலாம்னு சொன்னாரு. ஃபிஸ்டுலா போட்ட கையில கனமாத் தூக்கக் கூடாது. டயாலிசிஸ் நடக்கும்போது செய்யறதா இருந்தா முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஏன்னா அப்புறம் பிரஷர் இறங்கும். இன்னொண்ணு முக்கியமாச் சொன்னாரு: மெல்ல மெல்லக் குறையற பலம் வேற, திடீர்னு ஒரு நாள் கை கால் வெலவெலத்துப் போறது வேற. அது பொட்டாசியம் ஏறினதா இருக்கலாம், ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இப்ப காலையில ரெண்டு, மத்தியானம் ரெண்டு முட்டை வெள்ளைக்கரு. மஞ்சக்கருவைப் பக்கத்து வீட்டுப் பூனை கவனிச்சுக்குது. கோழி, மீன் அளவா. டயாலிசிஸ் இல்லாத நாள்ல தெருமுனை வரைக்கும் நடை, நாற்காலியில எழுந்து உக்கார்றது அஞ்சு அஞ்சா மூணு தடவை. பெரியம்மாகிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கிட்டேன்: செம்பை அவரே எடுத்துக்கட்டும். ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. அப்புறம் சரின்னாங்க.

போன மாசம் போனப்போ 17 செகண்ட். அற்புதம் ஒண்ணும் நடந்துடலை. இன்னும் 12க்கு ரொம்ப தூரம். சில நாள் முடியலைன்னு சுருண்டு படுத்துடறாரு, திட்டறதில்லை. நோயாளியைப் பார்த்து "நீ சோம்பேறி"ன்னு சொல்றதுக்கு இந்தப் பதிவை யாரும் பயன்படுத்தாதீங்க, ப்ளீஸ். நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே ஓட விட்டுட்டு வந்தவங்களோட களைப்பு நமக்குத் தெரியாது.

ஆனா பஸ் ஸ்டாண்டுல அன்னிக்கு அவர் கம்பியைப் பிடிச்சாரு, காலை வச்சாரு, நான் பின்னாடி கையை நீட்டிக்கிட்டு நின்னேன். ஒரு தம் கட்டி ஏறிட்டாரு. மேல நின்னு திரும்பிப் பார்த்து, "கையை எறக்கு தம்பி, ஊரே பாக்குது"ன்னாரு.

உங்க வீட்லயோ தெருவுலயோ டயாலிசிஸ் பண்ணிக்கறவங்க யாராவது இருந்தா, அடுத்த தடவை பார்க்கறப்போ "கிரியேட்டினின் எவ்ளோ?"ன்னு கேக்காதீங்க. "நாற்காலியிலேர்ந்து நீங்களே எந்திரிக்கிறீங்களா?"ன்னு கேளுங்க. எந்திரிக்க கஷ்டமா இருந்தா டாக்டர்கிட்ட அதைச் சொல்லச் சொல்லுங்க. நாங்க அதைக் கேக்கறதுக்கு மூணு வருஷமாச்சு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டற ஆள். புரதமோ பயிற்சியோ எதைக் கூட்டறதா இருந்தாலும் உங்க சிறுநீரக டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க. குறிப்பா, டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்காத சிறுநீரக நோயாளிங்க இந்தப் பதிவைப் பார்த்துட்டு முட்டை மேல பாயாதீங்க, உங்க கணக்கு வேற.